வெள்ளைக் களிம்பை நிறுத்துப் பார்த்தால்

வடுகபட்டியில் வியாழனும் ஞாயிறும் பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மலைப்பூண்டும் வடநாட்டுப் பூண்டும் மூட்டை மூட்டையாக இறங்கும் நாட்கள். பெரியகுளத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஊர் கண்ணில் படும் முன்பே வாசம் வந்துவிடும். அப்படி ஒரு வியாழக்கிழமை மத்தியானம், திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள் என் தங்கை மகள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. வாசல்படி ஏறும்போதே, "மாமா, புள்ளைக்கு வெந்து போச்சு, கொஞ்சம் பாருங்க" என்றாள்.

கட்டிலில் குப்புறப் போட்டு, காலையில் கட்டிய டயபரைப் பிரித்தேன். இரண்டு பிட்டத்தின் மேட்டிலும் தொடையின் உட்புறத்திலும் அடிவயிற்றிலும் தோல் பளபளவென்று சிவந்து, சுடுதண்ணீர் பட்டதுபோல் இருந்தது. ஆசனவாயைச் சுற்றி இரண்டு இடத்தில் மேல்தோல் உரிந்திருந்தது. தொடை மடிப்பை மெல்ல விரித்துப் பார்த்தேன். மடிப்பின் உள்ளே தோல் வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அவள் பையில் இரண்டு டியூப்கள். ஒன்று பெரியது, துத்தநாக ஆக்சைடு களிம்பு, பாதிகூடத் தீரவில்லை. இன்னொன்று சுண்டுவிரல் அளவு, ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்தது. "இந்த வெள்ளக் களிம்பு ஒண்ணும் கேக்கல மாமா. இந்தச் சின்னதப் போட்டதும் ஒரே ராத்திரியில வத்திருச்சு. ஆனா திரும்ப வந்துருச்சு." உள்ளேயிருந்து என் அம்மாவின் குரல்: "ஏத்தா, அந்தப் பேம்பர்ஸக் கழட்டித் தூர எறி. தேங்காண்ணெயத் தடவி வெறுமனே போடு. பச்சப்புள்ளய மூட்டையாட்டம் கட்டி வச்சா வேகாம என்ன செய்யும்?"

ஒரே வீட்டில் மூன்று தீர்ப்புகள். வெள்ளைக் களிம்பு உதவாது என்பது தாயின் தீர்ப்பு. எண்ணெயும் காற்றும் போதும் என்பது கொள்ளுப்பாட்டியுடையது. மூன்றாவது, அந்தக் கடைக்காரருடையது. அரசு மருத்துவமனையில் 34 வருடம் மருந்தாளுநராக இருந்தவன் நான்; ஊரில் இன்னமும் கம்பவுண்டர் என்றால்தான் அடையாளம் தெரியும். இந்தக் களிம்பைக் கையால் குழைத்து டப்பாவில் அடைத்துக் கொடுத்தவன். அதனால் இதைச் சரியாக நிறுத்துப் பார்க்க வேண்டிய கடமை எனக்கு உண்டென்று நினைக்கிறேன்.

எதை நிறுப்பது என்பதில்தான் முதல் சிக்கல். டியூப் மேல் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன: புண்ணை ஆற்றும், தோலைக் காக்கும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு வேலைகள். இவற்றைப் பிரிக்காமல் பேசுவதால்தான் ஒருவர் தூக்கி வைத்துப் பேசுகிறார், இன்னொருவர் "ஒண்ணும் கேக்கல" என்கிறார்.

குழந்தையின் தோல் ஏன் வேகிறது? 1921-இல் குக் என்ற அமெரிக்க மருத்துவர் அம்மோனியாவைக் குற்றவாளி ஆக்கினார். மூத்திரத் துணியில் அடிக்கும் அந்த மூக்கைத் துளைக்கும் நெடி எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால், அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் அதை மறுக்கவில்லை. 1977-இல் லெய்டனும் அவரது கூட்டாளிகளும் புண் உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் சேர்த்துப் பரிசோதித்தார்கள். இரு பக்கமும் அம்மோனியா அளவில் பெரிய வேறுபாடு இல்லை. 1986-இல் பக்கிங்ஹாம், பெர்க் இருவரின் ஆய்வுதான் முடிச்சை அவிழ்த்தது. மலத்தில் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன. நல்ல தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. அந்த நிலையில் இந்த நொதிகள் பெரிதாக எதுவும் செய்வதில்லை. மூத்திரமும் மலமும் ஒன்றாகக் கலந்து கிடந்தால், மலத்திலுள்ள இன்னொரு நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். அமிலத்தன்மை குறையும். உடனே செரிமான நொதிகள் விழித்துக்கொண்டு, சோற்றையும் பருப்பையும் செரிக்க வேண்டியவை, ஏற்கெனவே ஈரத்தில் ஊறி நைந்த குழந்தையின் தோலையே செரிக்கத் தொடங்கும்.

ஆக அம்மோனியா நேரடிக் குற்றவாளி இல்லை, உடந்தை. ஈரமும் உரசலும் கதவைத் திறந்து வைக்கின்றன. வயிற்றுப்போக்கு வந்தால் குழந்தைக்கு உடனே புண்ணாவது இதனால்தான். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தத் தொல்லை குறைவாக இருப்பதும், மாவும் பசும்பாலும் தொடங்கியபின் கூடுவதும் இதனால்தான். என் தங்கை மகளிடம் கேட்டேன். சளிக்கு ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்ததாகவும், மூன்று நாளாகத் தண்ணியாகப் போவதாகவும் சொன்னாள். அதற்கு மேல் ஐந்து மணி நேரத்துக்கும் கூடுதலான பஸ் பயணம். காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை.

காரணம் இதுவென்றால், எந்தப் பூச்சிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கலவையைத் தோலில் படாமல் தள்ளி வைக்க முடியுமா என்பதுதான்.

எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது களிம்புகளைப் பெரும்பாலும் நாங்களே தயாரித்தோம். துத்தநாக ஆக்சைடு, மாவுபோல் வெள்ளை வெளேரென்ற பொடி. அதை முதலில் மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். சலிக்காமல் போட்டால் களிம்பில் கட்டி கட்டியாக நின்று, தோலில் தேய்க்கும்போது நறநறவென்று உறுத்தும். கண்ணாடிப் பலகையில் பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து, உருக்கிய வாசலினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஸ்பேச்சுலாவால் அழுத்தித் தேய்த்துக் குழைக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கத்தான் பொடியின் ஒவ்வொரு துகளும் கொழுப்பில் தோயும். கால் பங்கு துத்தநாக ஆக்சைடு, கால் பங்கு மாவுச்சத்து, அரைப் பங்கு வாசலின்: இது பெர்லின் நகரத்துத் தோல் மருத்துவர் ஆஸ்கர் லாசரின் பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வழங்கிவரும் பசை. அவர் சேர்த்த சாலிசிலிக் அமிலத்தைக் குழந்தைக்குச் சேர்க்கக் கூடாது.

அந்தப் பசையை விரலில் எடுத்துக் கண்ணாடியில் தடவி, அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். பொடி தண்ணீரில் கரையாது. கொழுப்பு தண்ணீரை விலக்கும். கொழுப்பை மட்டும் தடவினால் வழிந்துவிடும். பொடி கலந்ததால் அது இறுகி நிற்கிறது. சுண்ணாம்புக் காரையில் மணல் செய்கிற வேலை. துத்தநாகத்துக்கு லேசாகத் தோலைச் சுருக்கி, கசிவைக் குறைக்கும் குணமும் உண்டு. கிருமிகளை ஓரளவு அடக்கும். ஆனால் இவையெல்லாம் சில்லறை வரவு. முதல் என்பது அந்த மறைப்பு.

இங்கிலாந்தில் பல தலைமுறைக் குழந்தைகளுக்குப் பூசிய களிம்பு ஒன்றின் செய்முறையைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதில் துத்தநாக ஆக்சைடு 7.5 சதவீதம்தான். சரிபாதி, அதாவது 50 சதவீதம், நம் விளக்கெண்ணெய். மீதியில் பெரும்பங்கு கடலெண்ணெய், பிறகு தேன்மெழுகு. நம் பாட்டிகள் குழந்தையின் தொப்புளைச் சுற்றித் தடவும் விளக்கெண்ணெயைத்தான் அவர்கள் துத்தநாகத்தோடு குழைத்து விற்றார்கள். அதிலுள்ள கடலெண்ணெய் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2003-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்று, வெந்த தோலில் கடலெண்ணெய் கலந்த பூச்சுகளைத் தடவிய குழந்தைகளிடம் பின்னாளில் நிலக்கடலை ஒவ்வாமை கூடுதலாகக் காணப்பட்டதாகச் சொன்னது. புண்ணான இடத்தில் கடலெண்ணெய் வேண்டாம்.

இனி சாட்சியம். 2001-இல் துத்தநாக ஆக்சைடும் வாசலினும் உட்புறம் தடவிய டயபரையும், அவை இல்லாத அதே டயபரையும் ஒப்பிட்ட சோதனை வெளியானது. தடவிய டயபர் அணிந்த குழந்தைகளுக்குச் சிவப்பும் புண்ணும் குறைவு. களிம்பின் பக்கம் நிற்பவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். நான் இதை முழு எடைக்கு ஏற்க மாட்டேன். அதில் டயபர் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்றிருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், துத்தநாகமும் வாசலினும் சேர்ந்து வந்தன என்பது. வெற்றியில் யாருடைய பங்கு எவ்வளவு என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. வாசலின் மட்டும் தடவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் வெளிச்சம் தருவது 2005-இல் வெளிவந்த ஓர் ஒப்பீடு. பெரியவர்களின் தோலில் பல வகைக் காப்புப் பூச்சுகளைத் தடவிப் பார்த்தார்கள். எரிச்சலூட்டும் பொருளைத் தடுப்பதில் துத்தநாகக் களிம்பு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் தோல் ஈரத்தில் ஊறிப்போவதைத் தடுப்பதில் பின்தங்கியது. வாசலின் இரண்டிலும் நன்றாக நின்றது. துத்தநாகத்தின்மேல் பற்றுள்ள எனக்கு இது கசப்பான முடிவு. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இது குழந்தைத் தோலில் செய்ததல்ல, டயபருக்குள் செய்ததும் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாய்ப்பாலோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரிலும் கண்ணில் தூசி விழுந்தால், தோலில் சிவந்தால், ஒரு சொட்டுத் தாய்ப்பால் விடுகிற பழக்கம் உண்டு. 2014-இல் துருக்கியில் மருத்துவமனையில் இருந்த பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஆறுவதற்கு ஆன நாட்களில் தாய்ப்பாலுக்கும் துத்தநாகம் கலந்த காப்புக் களிம்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. புண்ணின் கடுமை குறைவதில் களிம்பு முந்தியது. கோக்ரேன் அமைப்பு இந்தத் துறையின் சோதனைகளைத் திரட்டி இரண்டு முறை எடை போட்டது. விட்டமின் ஏ கலந்த பூச்சுகளுக்கு 2005-இலும், துணிக்குப் பதில் டயபர் கட்டினால் புண் குறையும் என்ற வாதத்துக்கு 2006-இலும் கிடைத்த பதில் ஒன்றே: போதிய ஆதாரம் இல்லை. ஆகையால் களிம்பு டியூபில் விட்டமின் ஏ, விட்டமின் ஈ, ஆலோவேரா என்று கொட்டை எழுத்தில் போட்டு விலையைப் பல மடங்கு ஏற்றினால், அந்தக் கூடுதல் காசு எழுத்துக்குத்தான்.

இதையெல்லாம் தராசில் வைத்தால் முள் எங்கே நிற்கிறது? துத்தநாகத்தை மட்டும் தனியே எடுத்து, ஒன்றுமே பூசாத குழந்தையோடு ஒப்பிட்ட பெரிய, நேர்த்தியான சோதனைகள் அரிது. ஆனால் அது வேலை செய்யும் விதம் தெளிவாகத் தெரிகிறது. நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழக்கம் பின்னால் இருக்கிறது. தோலில் தங்கும் பொருள் என்பதால் உடலுக்குள் போவது மிகச் சொற்பம். தீங்கு மிகக் குறைவு. மருந்தாக நிறுத்தால் எடை குறையும். மறைப்பாக நிறுத்தால் தாராளமாக நிற்கும்.

அம்மாவின் தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி முழு உண்மை. "வெறுமனே போடு" என்றாரே, அதற்கு இணையான மருத்துவம் எந்த டியூபிலும் கிடையாது. அவர் காலத்தில் பழைய வேட்டியைக் கிழித்துக் கோமணம்போல் கட்டினார்கள். நனைந்த மறுநிமிடம் குழந்தை அழும், துணி மாறும். தூளியில் கிடக்கும்போது கீழே காற்று ஓடும். டயபர் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் குழந்தை அழுவதில்லை. நாமும் மறந்துவிடுகிறோம். மூத்திரத்தை அது நன்றாகவே உறிஞ்சும். மலத்தை உறிஞ்ச அதனால் முடியாது.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் அம்மாவோடு ஒத்துப்போகவில்லை. தேங்காய் எண்ணெய் உருகும் வெப்பநிலை சுமார் 24 டிகிரி. மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சித்திரை வெயிலில், அதுவும் குழந்தையின் உடம்புச் சூட்டில், அது தண்ணீர்தான். தடவிய கொஞ்ச நேரத்தில் துணி குடித்துவிடும். வறண்ட தோலுக்கு நல்லது, குளிப்பாட்டும் முன் தேய்க்க நல்லது. பேதியாகும் குழந்தையின் புண்ணுக்குக் காவலாக அது நிற்காது. ஆனால் களிம்பைத் துடைத்தெடுக்க அதைவிடச் சிறந்த பொருள் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஒண்ணும் கேக்கல" என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

என் தங்கை மகளைப் பூசிக் காட்டச் சொன்னேன். மிளகு அளவு எடுத்து, முகத்துக்கு ஸ்நோ பூசுவதுபோல் தேய்த்துத் தேய்த்துத் தோலுக்குள் மறைய வைத்தாள். அதுவும் ஈரத்துணியால் துடைத்த கையோடு, நனைந்த தோல்மேல். மறைப்பையே மறைய வைத்தால் அது எதைத் தடுக்கும்? வெறும் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, ஐந்து பத்து நிமிடம் காற்றாட விட்டு, பிறகு சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் தோலின் நிறமே தெரியாத அளவு அப்ப வேண்டும். தேய்க்கக் கூடாது. அடுத்த முறை மாற்றும்போது மேலே ஒட்டிய மலத்தை மட்டும் வழித்தெடுத்து, அடியில் வெள்ளை மிச்சம் இருந்தால் அப்படியே விட்டு, அதன்மேல் இன்னும் கொஞ்சம் அப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய களிம்பைச் சுரண்டி எடுப்பவர்கள் அதோடு புதிதாக முளைத்த தோலையும் சேர்த்தே எடுக்கிறார்கள். ராத்திரி ஒரு முறை முழுதும் எடுக்க வேண்டுமானால் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். நல்ல தோலில் தினமும் இப்படி அப்ப வேண்டியதில்லை. களிம்பு டயபரின் மேல்துணியில் படிந்து, அது ஈரத்தை இழுப்பதையும் குறைக்கும்.

வடுகபட்டிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எத்தனையோ தாய்மார் பகலெல்லாம் பூண்டின் தாளும் வேரும் அறுத்துத் தரம் பிரிக்கிறார்கள். அவர்கள் விரல் நுனி உரிந்து எரிவது அவர்களுக்கே தெரியும். நசுக்கிய பூண்டின் சாறு தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும். பூண்டு வைத்துக் கட்டியதால் குழந்தைகளுக்குத் தீக்காயம்போல் புண்ணானது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கையோடு வெந்த தோலைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவிவிட்டுத்தான் களிம்பை எடுக்க வேண்டும்.

துத்தநாகம் எந்த உருவில் வருகிறது என்பதும் தீர்ப்பை மாற்றும். காலமைன் லோஷனிலும் இருப்பது துத்தநாக ஆக்சைடுதான், கொஞ்சம் இரும்பு ஆக்சைடு சேர்ந்து ரோஸ் நிறமாகியிருக்கிறது. வேர்க்குருவுக்கு நல்லது. தண்ணீரில் கலந்த மருந்து என்பதால் டயபருக்குள் நிற்காது. பவுடர் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 1920-களில் துத்தநாக ஸ்டியரேட் என்ற குழந்தைப் பவுடரை மூச்சில் இழுத்துக் குழந்தைகள் இறந்தன. வேர்க்குரு பவுடர்கள் சிலவற்றில் போரிக் அமிலம் இருக்கும். உரிந்த தோல் வழியே அது உடலுக்குள் போய்க் குழந்தைகள் மாண்ட செய்திகளும் கடந்த நூற்றாண்டின் ஏடுகளில் உண்டு. நாட்டு மருந்துக்கடைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம், நாக பற்பம் அதிலிருந்து செய்வது. ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் ஈயம். பெயரை மட்டும் நம்பிக் குழந்தைக்கு எதையும் வாங்கக் கூடாது.

இனி அந்தச் சின்ன டியூப். அதைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பொடி எழுத்தைப் படித்தேன். வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சை மருந்து ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று. மூன்றும் ஒரே களிம்பில். ஸ்டீராய்டு சிவப்பை ஒரே ராத்திரியில் வற்ற வைக்கும். காரணம் அப்படியே இருப்பதால் நிறுத்தியதும் திரும்ப வரும். தாய் மறுபடியும் பூசுவாள். டயபரின் மூடிய சூட்டுக்குள் மருந்து கூடுதலாக உறிஞ்சப்படும். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம் என்பதால் ரத்தத்தில் கலப்பதும் அதிகம். தோல் மெலிந்து நரம்பு தெரியும். ஊதா நிறக் கட்டிகள் எழும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டையும் சுரக்காமல் போகும். தேவைப்பட்டால் மிக லேசான ஸ்டீராய்டை மருத்துவர் சில நாளுக்கு மட்டும் எழுதுவதுண்டு. அது அவர் பார்த்துச் செய்வது. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் ஸ்டீராய்டு பூச்சுகளின் தவறான பயன்பாட்டுக்கு எதிராகத் தனிக் குழுவே அமைத்துப் போராடியது. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதற்கு இத்தனை வருடம் கழித்தும் ஒரு பச்சைக்குழந்தையின் புண்ணுக்கு அது கேட்டதும் கிடைக்கிறது என்பது என் தொழிலுக்கே தலைகுனிவு.

முதலில் தொடை மடிப்பைப் பார்த்தேன் என்றேனே, காரணம் இதுதான். ஈரமும் மலமும் படுவது மேடுகளில். மடிப்பின் உள்ளே சுத்தமாக இருந்தால் அது துத்தநாகம் காக்கக்கூடிய புண். மடிப்பே ரத்தச் சிவப்பாகி, சுற்றிலும் சிறுசிறு பருக்கள் சிதறியிருந்தால் அது பூஞ்சை. மூன்று நாளுக்கு மேல் ஆறாமல் கிடக்கும் புண்ணில் அது எளிதில் குடியேறும். துத்தநாகம் அதைக் கொல்லாது. மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்பை அடியில் பூசி, மேலே இதை அப்பலாம். கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தால் காத்திருக்கவே கூடாது. இதோடு வாயைச் சுற்றியும் கை கால் விரல்களிலும் அதேபோல் புண் இருந்தால், உடம்பினுள் துத்தநாகச் சத்தே குறைந்திருக்கலாம். அதற்கு எவ்வளவு களிம்பு அப்பினாலும் பயன் இல்லை.

உள்ளே போகிற துத்தநாகம் வேறு கணக்கு. பேதியாகும் குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் பரிந்துரைத்தன. ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. என் தங்கை மகளின் குழந்தைக்குக் களிம்பைவிட முதலில் தேவைப்பட்டது அந்த மாத்திரை. பேதி நின்றால்தான் புண் ஆறும்.

சின்ன டியூப் நிறுத்தப்பட்டது. பகலில் பழைய வேட்டித் துணி, ராத்திரி மட்டும் டயபர், துத்தநாகக் களிம்பு வெள்ளையடித்தது போல். நான்காம் நாள் உரிந்த இடம் மூடிவிட்டது. இதைக் களிம்பின் வெற்றி என்று நான் எழுதினால் அது நேர்மை ஆகாது. பேதி நின்றது, காற்றுப் பட்டது, ஸ்டீராய்டு போனது, களிம்பு ஒழுங்காகப் பூசப்பட்டது. நான்கும் ஒன்றாக நடந்தன. 2001-ஆம் ஆண்டுச் சோதனைமேல் நான் சொன்ன அதே குறை என் வீட்டுச் சாட்சியத்திலும் இருக்கிறது.

என் முடிவு இது. சிவப்பு தெரிந்த நாளிலிருந்து ஆறும்வரையும், பேதியான நாட்களிலும், நெடும்பயணத்துக்கு முன்பும் துத்தநாகக் களிம்பு பூசத் தகுந்தது. வீட்டில் இருக்க வேண்டியது. வேறு எதுவும் கலக்காத, கெட்டியான, மலிவான களிம்பே போதும். நல்ல தோலுக்கு அன்றாடம் அது தேவையில்லை. அது இல்லாவிட்டால் வாசலின் போதும். துணி மாற்றுவதற்குப் பதிலாக அதை நம்பக் கூடாது. தமிழ்நாடு அரசு 2015-இல் தொடங்கிய குழந்தைப் பராமரிப்புப் பெட்டகத்தில் துண்டு, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி என 16 பொருட்கள் வைத்தார்கள். நாப்கின் கொடுத்த கை, அதன் பக்கத்தில் ஒரு சிறு டியூப் துத்தநாகக் களிம்பையும், பூசும் விதத்தைச் சொல்லும் ஒரு படத்தையும் வைக்கலாம்.

மருந்துக்கடையில் நிற்கும் தம்பிகளுக்கு, உங்களைவிட மூத்தவனின் வேண்டுகோள். கைக்குழந்தையின் டயபர் புண்ணுக்கு மருந்து கேட்டு ஒரு தாய் வந்தால், டியூபை எடுப்பதற்கு முன் எத்தனை நாளாக இருக்கிறது, பேதி ஆகிறதா, தொடை மடிப்பிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். மடிப்பில் இருந்தால், மூன்று நாள் தாண்டியிருந்தால், மருத்துவரிடம் அனுப்புங்கள். இல்லையென்றால் வெறும் துத்தநாகக் களிம்பைக் கொடுத்து, தேய்க்காமல் அப்பச் சொல்லி அனுப்புங்கள். அந்தச் சின்ன டியூபைச் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள்.